தன்மை ஒருமை

மொண்டேவிடியோ. தொழிலாளர் நீதிமன்றம், மூன்றாம் தளம்.
கைபேசியை வாசலிலேயே வாங்கிப்
பதினான்காம் எண் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.
புஜத்தில் ஒட்டியிருக்கும் சென்சார்
ஐந்து நிமிடத்துக்கொரு முறை
என் இரத்தத்தைப் பற்றிக் கோள் சொல்வது அதனிடம்தான்.

வில்மார் எச்செகராய் காது கேளாதவர்.
இறைச்சி ஆலையில் பத்தொன்பது வருடம்
தொங்கும் மாடுகளை இரண்டாகப் பிளந்தவர்.
அவர் கைகள் பேசினால் நான் வாயால் சொல்வேன்.
நீதிபதி வாய் பேசினால் கைகளால் சொல்வேன்.
தொழிலின் முதல் விதி:
அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும்,
"அவர் சொல்கிறார்" என்று ஒதுங்கி நிற்கக் கூடாது.
இப்படித்தான் பதினோரு வருடமாக
நான் விவாகரத்து கேட்டிருக்கிறேன்,
மோட்டார் சைக்கிள் திருடியிருக்கிறேன்,
ஒருமுறை சிறுநீரகப் பிரிவில்
எனக்கு விதைப்பை வீங்கியிருந்தது.

விசாரணை பதினொன்றுக்கு என்றார்கள். வரவில்லை.
பன்னிரண்டரைக்குக் கீழே கடையில் உட்கார்ந்து
சாப்பாட்டை நம்பி ஊசி போட்டுக்கொண்டேன்.
தட்டு வருமுன் "கார்போனெல்!" என்று கூப்பிட்டார்கள்.
இன்சுலின் என்னோடு படியேறியது,
மிலனேசா கடையிலேயே நின்றுவிட்டது.
பையில் மாத்திரை இருக்கிறது என்ற நினைப்பு.
இருந்தது அதன் உறை.

முதலில் உதடு மரத்தது.
பிறகு நீதிபதியின் மேசை கொஞ்சம் தூரம் போனது.
பசியில் காதடைக்கும் என்பார்களே,
அடைத்தது.
ஒரு நிமிடம் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்.

"நஷ்டஈடு" என்று தொடங்கி என் விரல்கள் எங்கோ போய் முடிந்தன.
எனக்குத் தெரியவில்லை.
எச்சரிக்க வேண்டிய மூளைதான்
முதலில் பட்டினி கிடக்கிறது,
இருபத்திரண்டு வருடமாகியும்
அந்த ஏமாற்று எனக்குப் புதிதாகவே வருகிறது.

அவர் பார்த்துவிட்டார்.
பிறந்தது முதல் கைகளையே கேட்டு வளர்ந்த கண்கள்.
ரம்பத்தின் கதையைப் பாதியில் விட்டுவிட்டுச்
சின்னதாக ஏதோ காட்டினார்.
விதி விதிதான். உரக்கச் சொன்னேன்:
"உங்கள் கை திக்குகிறது. ஏதாவது தின்னுங்கள்."

நீதிபதி தன் கையைப் பார்த்தார்.
கம்பெனி வக்கீல் தன் கையைப் பார்த்தார்.
தட்டச்சு செய்யும் பெண் மட்டும் நிறுத்தாமல் தட்டினாள்.
வில்மார் என்னை நோக்கி விரல் நீட்டினார்: நீங்கள்.
"நீங்கள்," என்றேன் நீதிபதியிடம், சுத்தமான உச்சரிப்பில்.

பிறகு, "நான்" என்றேன்.
எல்லோரும் காத்திருந்தார்கள்.
"எனக்குச் சர்க்கரை இருக்கிறது.
என்னிடம் சர்க்கரை இல்லை."

"இதைச் சொல்வது சாட்சியா?" என்றார் நீதிபதி.
பழக்கத்தில் கைகள் அதையும் பெயர்த்தன.
வில்மார் பலமாகத் தலையாட்டினார், இல்லை இல்லை என்று.
என் பெயரில் எப்படிப் பேசுவது,
எந்தக் குரலில் என்று
எனக்கு நிஜமாகவே ஞாபகமில்லை.

காவலாளி ஓடி வந்து தன் மாத்தேயை நீட்டினார்.
கசப்பு. அன்பான, உபயோகமில்லாத கசப்பு.
கம்பெனி வக்கீல்தான்,
ஐந்து வருடச் சம்பளத்தைத் தர முடியாதென்று வாதாடிக்கொண்டிருந்தவர்,
தன் காப்பித் தட்டிலிருந்து மூன்று பொட்டலம் கிழித்து
என் நாக்கில் கொட்டினார்.
சட்டையெல்லாம் சர்க்கரை. வேர்வையில் ஒட்டிக்கொண்டது.

கால் மணி நேர இடைவேளை.
மேசை திரும்பி வந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக.
வழக்கை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

கீழே பதினான்காம் பெட்டியைத் திறந்தால்
கைபேசி தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது:
ஒன்பது அலாரம்.
தவற விட்ட அழைப்பு இரண்டு, இரண்டும் கடையிலிருந்து.

கையெழுத்துக்கு வந்த பதிவில், நான்காம் பக்கம்:
சாட்சி எச்செகராய்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது.
திருத்தச் சொல்லித் திரும்பினேன்.
வில்மார் என் பேனாவைப் பிடித்து நிறுத்திக்
கீழே தன் பெயரை எழுதினார்.
பிறகு காட்டினார்:
இருக்கட்டும். மே வரைக்கும் நான் வைத்திருக்கிறேன்.

அதை நான் உரக்கச் சொல்லவில்லை.
விசாரணை முடிந்திருந்தது.